பாதி இறக்கிய ஷட்டர்

தம்பியைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைத்திருக்கிறார்கள் என்று வக்கீல் போனில் சொன்னபோது, ஊரப்பாக்கத்தில் என் வீட்டில் குழந்தைக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து மறுபடியும் கேட்டேன்.

கோவிலம்பாக்கத்தில் அம்மா வீட்டுத் தெருமுனையில் ஓர் ஏரி. அங்கே குப்பை கொட்ட வந்த லாரியைத் தெருக்காரர்கள் மறித்தார்கள். தம்பியும் அதில் இருந்தான். தள்ளுமுள்ளில் லாரியின் கண்ணாடி உடைந்தது. கண்ணாடிக்கு வழக்குப் போட்டால் புரிகிறது. இதில் தேசம் எங்கே வந்தது?

"குண்டாஸா?" என்று எதிர்வீட்டு அக்கா கிசுகிசுத்தார்.

"இல்லக்கா, அதுக்கும் மேல."

சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று அன்று முழுக்க நொந்துகொண்டேன்.

வக்கீல் பொறுமையாக விளக்கினார். விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை வைத்திருக்கலாம். ஆனால் காரணத்தை அவனுக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும். அவன் மறுத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். மூன்று பேர் கொண்ட அறிவுரைக் குழு விசாரித்து, போதிய காரணம் இல்லை என்று சொன்னால் விட்டே ஆக வேண்டும். "அவங்க பார்த்துப் போடுற பிச்சை இல்லம்மா இது. அரசியலமைப்புல இருக்கு." பிறகு, "ஆனா குழு முன்னாடி நான் வர முடியாது. வக்கீல் அல்லாத நண்பர் ஒருத்தர் வரலாம்" என்றார்.

அடிப்படை உரிமைகளைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள் நான். விடைத்தாளோடு அவை என்னை விட்டுப் போய்விட்டன. அம்மா வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். "நீயே போ. அவன்கிட்ட சண்டை போட்டுப் பழகின வாய்தானே?" என்றார் கணவர். நான் ஏதாவது உளறி, அதனாலேயே அவன் உள்ளே கிடந்தால் என்ன செய்வது என்பதுதான் என் பயம்.

அவனுக்குக் கொடுத்த காரணங்களின் நகலைப் படித்தேன். மதியம் மூன்று மணியளவில் கடைக்காரர்கள் அஞ்சி ஷட்டர்களை இறக்கியதாகவும், பொது ஒழுங்கு குலைந்ததாகவும் இருந்தது. எல்லாம் அந்த வரியில்தான் நிற்கிறது என்றார் வக்கீல். ஒரு லாரிக் கண்ணாடி என்றால் சாதாரண வழக்கு. ஒரு தெருவே பயந்து முடங்கியது என்றால்தான் இந்தச் சட்டம்.

மதியம் மூன்று மணி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்கள் அம்மா வீட்டில்தான் இருந்தேன். அங்கே அண்ணாச்சி மளிகைக் கடையில் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஷட்டர் பாதி இறங்கும். நாலு மணிக்குத்தான் ஏறும். முழுக்க இறங்கியிருந்தால் கடை லீவு. பாதி என்றால் அண்ணாச்சி தூங்குகிறார். பக்கத்து டெய்லர் கடையிலும் அதே வழக்கம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து, "அண்ணாச்சி, டயப்பர்!" என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்!

அண்ணாச்சியைப் போய்க் கேட்டேன்.

"நான் பயந்து அடைச்சேன்னு எவம்மா சொன்னான்? தூங்கிட்டுல்லா இருந்தேன்! சத்தம் கேட்டு முழிச்சேன். அந்தக் கூட்டத்துக்கே இருபது கோலி சோடா வித்தேன்."

"அங்க வந்து சொல்வீங்களா?"

முகம் மாறியது. "கடைய யாரு பார்ப்பா? நீ சொல்லு. நம்பலைன்னா எனக்குப் போன் போடச் சொல்லு."

குழு முன் தம்பியும் நானும் நின்றோம். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தான். "பயந்துகினு நிக்காத, சொல்லுக்கா" என்றான் மெதுவாக.

நடுவில் இருந்தவர் கேட்டார்: "நீங்க யாரு?"

"அக்கா சார்."

"நண்பரா வந்திருக்கீங்க."

"ஆமா சார். ரெண்டும்."

ஷட்டர் விஷயத்தைச் சொன்னேன். நீளமாகச் சொன்னேன், டயப்பரையும் சொன்னேன். சோடாவையும் விடவில்லை. ஓரத்தில் இருந்தவர் பேனாவை மூடிவிட்டு, "அப்ப அது தினமும் பாதிதான் இறங்குமா?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் முழுசா சார்."

"கண்ணாடிய உடைச்சது உங்க தம்பியா?"

"நான் பார்க்கல சார்."

வெளியே வந்ததும் அதுதான் குடைந்தது. 'இல்லை' என்றே சொல்லியிருக்கலாமோ? அக்கா என்றால் அப்படித்தானே சொல்வாள்? தெரியாததைச் சொல்லியிருந்தால் ஷட்டரையும் நம்பியிருக்க மாட்டார்கள் என்றார் வக்கீல். அதை முழுதாக ஏற்றுக்கொள்ள எனக்கு நாளாயிற்று.

போதிய காரணம் இல்லை என்று குழு சொல்லிவிட்டது. தம்பி வந்துவிட்டான். கண்ணாடி வழக்கில் ஜாமீன், வாய்தாவுக்குப் போய்வருகிறான். அது நடக்கட்டும். அதில் வக்கீல் பேசலாம், சாட்சியைக் கேட்கலாம்.

அவன் வந்த மறுநாள் மதியம், குழந்தைக்கு பிஸ்கட் வாங்க அவனோடு கடைக்குப் போனேன். ஷட்டர் பாதியில் நின்றது. அவன் குனிந்து, "அண்ணாச்சி!" என்றான்.

உள்ளிருந்து கொட்டாவியோடு குரல் வந்தது. "யாருலே அது? தேசத்துக்கு ஆபத்தா?"

"ஆமா அண்ணாச்சி. ஒரு பாக்கெட் பிஸ்கட் குடுங்க."

"நாலு மணிக்கு வாலே."

எங்கள் சிரிப்பில் குழந்தையும் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில், பாதி ஷட்டருக்கு அடியில் பிஸ்கட் பாக்கெட்டோடு ஒரு கை நீண்டது.