ஷைனா சேர்த்துக் கொடுத்த வசதி

திருப்புறத்தில் இருக்கும் ஷைனாவுக்கு முப்பத்தொரு வயது. அப்பா நிக்கோலஸ் பூவாறில் கடலுக்குப் போகிறவர். அவள் நெய்யாற்றின்கரையில் ஒரு கேபிள் இன்டர்நெட் கம்பெனியில் இருந்தாள். புகார் வந்த வீடுகளுக்குப் போய் வைஃபையைச் சரிசெய்வாள். சில நாள் ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுப்பாள்.

மீதி நேரமெல்லாம் தீப்பெட்டி அளவுள்ள ஒரு மலிவான வைஃபை போர்டோடுதான். பழைய ரூட்டர்களில் ஒரு பலவீனம் உண்டு. 'இணைப்பை விடு' என்று வெளியாள் ஒருவன் செய்தி அனுப்பினாலும், ரூட்டர்தான் சொல்கிறது என்று நம்பி போனும் கேமராவும் விலகிவிடும். அதற்குப் பாஸ்வேர்டு கூட வேண்டாம். அப்படி யாராவது செய்தால் போர்டில் சிவப்பு விளக்கெரிந்து காட்டிக்கொடுக்கும் நிரல் ஒன்றை ஷைனா எழுதினாள். சோதித்துப் பார்ப்பதற்காக, போனில் தொட்டால் துண்டிக்கிற பகுதியையும் அதிலேயே வைத்தாள். சொந்த வைஃபையில் மட்டும் பயன்படுத்தவும் என்று குறிப்பெழுதி, தன் பெயரையும் ஊரையும் போட்டு, யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வெளியிட்டாள். பிரேசிலிலிருந்து ஒருவர் நன்றி சொல்லி எழுதியதை நிக்கோலஸுக்கு வாசித்துக் காட்டினாள்.

பக்கத்து ஊரிலும் ஒருவனுக்கு அது பிடித்துப்போனது. பாறசாலை ஜித்தின், வீடுகளில் கேமரா மாட்டுகிறவன். வேலையிடங்களில் பார்த்துப் பழக்கம்.

"போன எடுத்து தொட்டு ஓட்டுகது பெரிய பாடாக்கும். கரண்டு குடுத்த ஒடன தன்னால ஓடுகதுக்கு ஒரு வழி வைப்பியா?" என்று கேட்டான். வாடிக்கையாளர்களிடம் காட்டி நல்ல ரூட்டர் வாங்க வைக்கத்தான் என்றான். ஷைனா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தான் எழுதியதை ஊரில் ஒருவன் மதிக்கிறான் என்ற சந்தோஷம். இரண்டே நாளில் அந்த வசதியைச் சேர்த்துவிட்டாள்.

அதியன்னூரில் மோகனன் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். மனைவி குமாரி வெளியே போகும்போது, மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் லேகா கேமரா வழியாக அப்பாவைப் பார்த்துக்கொள்வாள். கேமராவை மாட்டியவன் ஜித்தின்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரைக்குப் படம் நின்றது. அம்மாவை அழைத்தாள் லேகா. பேங்கில் நின்றிருந்த குமாரிக்குக் கூட்ட இரைச்சலில் மணி கேட்கவில்லை. அடுத்து இன்டர்நெட் கம்பெனிக்கு அழைத்தாள். எடுத்தது ஷைனா. லைனைச் சோதித்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

"எங்க லைன் சரியாத்தான் உண்டு சேச்சி. கேமராவிலதான் கம்ப்ளெயின்ட். மாட்டின ஆளுக்கிட்ட கேளுங்க."

லைன் நன்றாக இருந்தும் கேமரா திடீரென்று விலகினால் யாரோ துண்டிக்கிறார்களா என்று சந்தேகப்பட வேண்டும். அவளுடைய இணையப் பக்கத்தில் முதல் வரியே அதுதான். அன்று அவளுக்கு அது தோன்றவில்லை. லேகா ஜித்தினை அழைத்தாள். அவன் எடுக்கவில்லை.

குமாரி வீடு திரும்பியபோது அலமாரி திறந்து கிடந்தது. நகைகள் இல்லை. மோகனன் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே தரையில் இறந்து கிடந்தார். விழுந்த பிறகும் நல்ல கையால் ஊன்றி நாலடி நகர்ந்திருந்தார்.

மதில் இடுக்கில் பவர்பேங்கோடு சேர்த்து ஒட்டிய போர்டு ஒன்று போலீஸுக்குக் கிடைத்தது. அதிலிருந்த நிரலின் பெயரைத் தேடினார்கள். ஷைனாவின் பெயர் வந்தது. மூன்றாம் நாள் காலை ஜீப் திருப்புறத்துக்கு வந்தது. லேப்டாப்பையும் போனையும் எடுத்துக்கொண்டு, அவளையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். முதலில் அவளைத்தான் சந்தேகப்பட்டார்கள். அவள் ஜித்தினின் பெயரைச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். தன்னால் ஓடும் வசதியைத் தான்தான் சேர்த்ததையும், அன்று லேகாவின் அழைப்பை எடுத்துப் பேசியதையும் கேட்காமலே சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் ஜித்தின் மார்த்தாண்டத்தில் பிடிபட்டான்.

கம்பெனி அவளை வேலைக்கு வரவேண்டாம் என்றது. அப்பாவின் போனிலிருந்து அவள் இணையப் பக்கத்தை அழித்தாள். ஆனால் அதற்குள் பலர் நகலெடுத்திருந்தார்கள். தேடியதில் நாற்பத்தொரு நகல்கள் தெரிந்தன. ஒவ்வொருவருக்கும் எழுதினாள். ஒரே ஒருவர் நீக்கினார். அவரவர் செய்வதற்கு நீ பொறுப்பில்லை என்று இன்னொருவர் ஆறுதல் எழுதினார்.

மோகனனின் பதினாறாம் நாள் சடங்கு கழிந்து ஷைனா அதியன்னூருக்குப் போனாள். மஸ்கட்டிலிருந்து வந்திருந்த லேகாதான் கதவைத் திறந்தாள். ஷைனா தன் பெயரைச் சொன்ன குரலிலேயே அடையாளம் கண்டுகொண்டாள்.

"அன்னு போன்ல பேசினது நீயாக்கும், இல்லியா?"

"ஆமா சேச்சி."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அடுத்த வீட்டு ஆள அனுப்பியிருப்பேன்."

"எனக்கு அப்ப தோணல்ல சேச்சி."

லேகா உள்ளே போய்விட்டாள். குமாரிதான் அவளை உட்காரச் சொன்னார். மகள் மஸ்கட்டுக்குத் திரும்பியபிறகு தனியாக இருக்கும் அம்மாவுக்கு, வைஃபை இல்லாமல் வயரில் ஓடுகிற, அப்படித் துண்டிக்க முடியாத கேமரா ஒன்று வைத்துத் தரட்டுமா என்று ஷைனா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வேண்டாம் மக்கா," என்றார் குமாரி. "இனி இந்த வீட்டுக்குள்ள ஒண்ணும் மாட்டண்டாம். நீ போ."

இப்போது ஷைனா உச்சக்கடையில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். போலீஸ் லேப்டாப்பைத் திருப்பித் தந்தும் அதை அவள் திறக்கவில்லை. ஜனவரியில் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அரசுத் தரப்பின் நான்காம் சாட்சி அவள். லேகா மூன்றாம் சாட்சி.