முயலுக்கு எதிராக ஒரு மனு

முப்பத்தைந்து ஆண்டுகள் அரசுக் கோப்புகளைக் கட்டி அவிழ்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு எந்த மேசையில் தூங்கும் என்பது அத்துப்படி. அந்தக் கல்வியை ஒன்பது வயதிலேயே அப்பா தொடங்கிவைத்தார். நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றியது; மார்கழிப் பனி மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. திருவரங்குளத்தில் எங்கள் கொல்லைக்குப் பின்னால் இருந்த காட்டில் பச்சை என்று ஒன்றும் மிஞ்சவில்லை. கொல்லையில் அம்மாவின் மல்லிகை பன்னிரண்டு செடி. பங்குனியில் அக்காவுக்குக் கல்யாணம். மாலைக்கு வீட்டுப் பூதான் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லியிருந்தாள். கவாத்து செய்த செடிகள் துளிர்விட்டதும் முயல்கள் வந்தன. ஒரே வாரத்தில் இரண்டு செடி மொட்டை.

"கருவமுள்ள வெட்டிச் சுத்திப் போட்டா ஒரு நாளு வேலைங்க" என்றாள் அம்மா.

அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. "எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. முயலு காட்டு இலாகாவோடது. மனுப் போட்டா அவுங்களே வந்து வேலி போட்டுத் தருவாங்க" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதியவன் நான்; என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 'எவ்விதப் பாதுகாப்புமின்றித் தவிக்கும் செடிகள்' என்று ஒரு வரி. 'தவிக்கும்' நானாகச் சேர்த்தது. அப்பா முதுகில் தட்டிக் கொடுத்தார். பதில் வந்தது: நேரில் பார்வையிடப்படும்; அதுவரை இடத்தில் மாற்றம் எதுவும் செய்யக் கூடாது.

அம்மா அதை மதிக்கவில்லை. அப்பா ஆபீஸ் போன ஒரு பகலில் தனி ஆளாக முள் வெட்டி இழுத்து வந்து, எல்லாச் செடியையும் சுற்றி அடைத்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த எனக்குப் பகீரென்றது. என் வரி பொய்யாகிவிட்டதே! அப்பா சைக்கிளை நிறுத்துவதற்குள் சொல்லிவிட்டேன்.

"பாக்க வர்றவன் வேலியப் பாத்தா, சேதமே இல்லேன்னு எழுதிட்டுப் போயிருவான். அறிவிருக்கா ஒனக்கு?" என்று அவர் அம்மாவிடம் கத்தினார்.

"எழுதட்டுமே. செடி இருக்கும்ல?"

அப்பாவும் நானும் முள்ளையெல்லாம் பிடுங்கிச் சுவரோரம் தள்ளினோம். நான்கே நாள். முயல்கள் பட்டையைக்கூட விட்டுவைக்கவில்லை.

மாசியில் ஓர் அதிகாரி வந்தார். நட்டுக்கொண்டு நின்ற குச்சிகளைப் பார்த்தார்.

"செடி எங்க சார்? இல்லாததுக்கு எப்படி வேலி போடறது?"

மேல்நடவடிக்கை தேவையில்லை என்று எழுதி மனுவை முடித்தார். அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார் அப்பா. அம்மா கொடுத்தாள். ஒரு வழியாக முடிவு வந்துவிட்டது என்ற திருப்தியோடு அப்பா அந்த நகலைப் பத்திரப்படுத்தினார்.

அன்று மாலை அம்மா குச்சிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் அவள் வீசி எறிந்த வேகம் எனக்குப் பயமாக இருந்தது. சற்றுத் தள்ளி நின்று, "முயலு மேல அம்புட்டுக் கோவமாம்மா?" என்று கேட்டேன்.

"முயலுக்குப் பசிடா, தின்னுச்சு. ஒங்க ரெண்டு பேருக்கும் என்னடா?"

நான் நன்றாக யோசித்துப் பார்த்து, "எனக்குப் பசிக்கலம்மா" என்று பதில் சொன்னேன்.