ஃபைபருக்குள்ள ஒரு நம்பர்

டூ ஸ்ட்ரோக் வண்டியில பெட்ரோலோட ஆயிலும் சேந்து எரியும். அதப் பாக்குற மெக்கானிக்குக்கு வயிறும் சேந்து எரியும். கடலோரத்துல பழைய வண்டி வச்சிருக்க உங்களுக்கு இத நான் சொல்லணும்னு இல்ல. சாயங்காலம் துடைச்சு நிறுத்துனா காலையில துரு பூத்திருக்கும். தங்கச்சிமடத்துல இருபது வருசமா ஷெட் போட்டிருக்கேன். எத்தனையோ வண்டி பாத்தாச்சு. சூசண்ணே வண்டி மாதிரி ஒண்ணும் என் தூக்கத்தக் கெடுத்ததில்ல.

வள்ளம் மாதிரி வந்த வண்டி

சூசண்ணே விசைப்படகுல போனவரு. ஒரு நாள் வலை இழுக்குற விஞ்சுக் கயிறு வலது முழங்கால அடிச்சிருச்சு. அதோட கடலுக்குப் போறது நின்னுபோச்சு. இப்ப மீன் பெட்டிய பைக்குல கட்டிக்கிட்டு, பாம்பன் பாலம் தாண்டி உச்சிப்புளி வரைக்கும் ஊர் ஊரா விக்கிறாரு. அந்தக் கால் பிரேக்க அமுக்கும், கிக்கர மிதிக்காது. அவருக்குன்னே செஞ்ச மாதிரி அமைஞ்சது அந்தப் பழைய ரெட்டைச் சைலன்சர் வண்டி. கிக்கரும் கியரும் இடது பக்கம் ஒரே கம்பி. செல்ஃப் ஸ்டார்ட் வண்டியும் வாங்கிப் பாத்தாரு; ஒரே மழைக்காலத்துல உப்புக்காத்து அந்த ஸ்விட்சத் தின்னுருச்சு.

வண்டிய லோடு ஆட்டோவுல ஏத்திக் கொண்டாந்தாரு. இறக்கிப் பாத்தா, ஹேண்டில்பார் கழுத்துலருந்து பின் மட்கார்டு வரைக்கும் நீலக் கலர்ல வழுவழுன்னு இருக்கு. துரு ஏறக் கூடாதுன்னு, வள்ளத்துல ஓட்டை அடைக்கிற மாதிரியே நார்த்துணி வச்சு ரெசின் பூசி, மொத்தத்தையும் ஃபைபரால போர்த்திட்டாரு. இஞ்சின் வேற, உள்ள பிஸ்டன் அசையாம பிடிச்சுக் கெடக்கு. ஆர்.சி. புக்கு மாசக் கடைசியோட முடியுது. ரினிவலுக்கு ஒரு தடவ இதே ஆட்டோவுல கொண்டு போயிருக்காரு. பிரேக் இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரத் தேடித் தேடிப் பாத்துட்டு, திருப்பி அனுப்பிட்டாரு. இன்னும் ஒரே ஒரு நாள் குடுத்திருக்காரு. வண்டியும் ஓடணும், நம்பரும் தெரியணும். இல்லேன்னா வண்டி எடைக்குத்தான், சூசண்ணே வீட்லதான். நான் கழுத்துப் பக்கம் தடவிப் பாத்துட்டு, நம்பர் எங்கண்ணேன்னு கேட்டேன்.

"அது உள்ள பத்திரமா இருக்கு தம்பி. ஒரு பொட்டுத் தண்ணி போகாது."

பனஞ்சிராய்

சேசிஸ் நம்பரு இரும்புல குத்துனது. ஆழம் நகக்கீறல் அளவுதான். கிரைண்டர வச்சா ஃபைபரோட நம்பரும் பொடியாப் போயிரும். எனக்குப் பெயிண்ட் வேலை செய்யுற யோகன் ஃபைபர் வேலையும் தெரிஞ்ச ஆளு. மண்டபம் அகதி கேம்ப்புல இருக்காரு, யாழ்ப்பாணத்துக் குடும்பம். வந்து பாத்துட்டு, இரும்புச் சாமான் ஒண்ணும் கிட்ட வரக் கூடாதுன்னுட்டாரு. ஹீட் கன்ன நான் பிடிக்கணும், இளகுன இடத்த அவரு பனமரத்துச் சிராயச் சீவி, அத வச்சு நெம்பணும். உள்ளங்கை அகலத்துக்கு ரெண்டு நாள் ஆச்சு. ஒவ்வொரு துண்டு உரியுறப்பவும் அதோட அடிப்பக்கத்தத் திருப்பிப் பாப்போம், துருவோட சேந்து நம்பரும் ஒட்டிக்கிட்டு வந்துருச்சோன்னு. சூசண்ணே எதுக்க ஸ்டூல்ல உக்காந்து, ஆர்.சி. புக்கு நம்பர ஜெபமாலை மாதிரி சொல்லிக்கிட்டே இருந்தாரு.

ஆறு எண்ணுல அஞ்சு பளிச்சுன்னு வந்துருச்சு. கடைசி எண்ணு மட்டும், ஃபைபர் பூசுறதுக்கு முன்னாடியே துரு தின்னது. புக்குல எட்டு. இரும்புல மூணு. இடது பக்க வளைவு ரெண்டும் கண்ணுக்குத் தெரியல. ரெண்டு குத்து குத்துனா மூணு எட்டாயிரும், எங்கிட்ட நம்பர் குத்துற பஞ்ச்சும் இருக்கு. வலையில கண்ணு பிஞ்சா முடிஞ்சுக்கிறதில்லையா, அது மாதிரிதானன்னு சூசண்ணே கேட்டாரு. உண்மையான நம்பரத்தான குத்தப் போறோம்னு எனக்கும் தோணுச்சு. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, பஞ்ச்சயும் சுத்தியலையும் கையில எடுத்துட்டேன். யோகன் சிராயக் கீழ வச்சுட்டு என்னையே பாத்தாரு.

"அண்ணை, நம்பரில மட்டும் கை வைக்காதேங்கோ. கேம்பில நானும் ஒரு நம்பர்தான். ஒரு இலக்கம் பிழைச்சா நான் வேற ஆள்."

செல்வியக்கா கேட்ட கேள்வி

பஞ்ச்ச டப்பாவுல போட்டு மூடிட்டு, இஞ்சினப் பிரிச்சேன். சிலிண்டரக் கடைஞ்சு, புது பிஸ்டன் போட்டு, மூணு நாளு வேலை. அதுக்கு நடுவுல சூசண்ணே வீட்டம்மா செல்வியக்கா வந்தாங்க. அவரு ஷெட்டுல இருக்குற நாள்லல்லாம் மீன் பெட்டியத் தலையில வச்சு பஸ்ஸுக்கு அலையுறது அவங்கதான். மூணு பஸ்ஸுல ஒரு பஸ்ஸுதான் ஏத்துமாம். மத்த கண்டக்டரெல்லாம் பெட்டியப் பாத்ததுமே விசில் அடிச்சிருவாங்களாம். வண்டி கிடைக்குமா கிடைக்காதான்னு எங்கிட்ட கேட்டாங்க, வீட்டுக்காரரத் திரும்பிக்கூடப் பாக்கல. அவரும் கார்புரேட்டர் ஜெட்ட வெளிச்சத்துல பிடிச்சு, அதுல கடல் தெரியுற மாதிரி பாத்துக்கிட்டே இருந்தாரு. வண்டி ஓடிரும்க்கா, நம்பருதான் இன்ஸ்பெக்டர் கையில இருக்குன்னு சொன்னேன். அந்த வளைஞ்ச பதிலெல்லாம் அக்காகிட்ட செல்லல.

"கிடைக்காதுன்னா இப்பவே சொல்லுங்க மெக்கானிக்கண்ணே. நான் கருவாட்டுக்கு மாறிக்கிறேன். சாக்குல கட்டுனா கண்டக்டருக்கு மோந்துதான் தெரியும், அதுக்குள்ள மண்டபம் வந்துரும்."

பாலத்து இறக்கம்

இன்ஸ்பெக்டர் சொன்ன நாள். பதினோரு மணிக்குள்ள ராமநாதபுரம் ஆபீஸ் மைதானத்துல நிக்கணும். இந்தத் தடவ ஓட்டிக்கிட்டே போயிருவோம், பிஸ்டனும் பழகுன மாதிரி இருக்கும்னு கெளம்புனோம். அவரு ஓட்ட, நான் பின்னாடி. ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மூணு தடவ சொன்னேன். இந்த வண்டியில பெட்ரோல் வழியாத்தான் பிஸ்டனுக்கு ஆயில் போகும். இறக்கத்துல கியர்ல இருக்கப்ப ஆக்சிலேட்டர ஒரேடியா மூடுனா பெட்ரோல் நிக்கும், ஆயிலும் நிக்கும், புது பிஸ்டன் பிடிச்சிரும். கொஞ்சம் திறந்தே வைங்க, இல்ல கிளட்ச்சப் பிடிங்க. சரி சரின்னாரு. பாம்பன் பாலத்துல நம்ம ஆளுங்க பழக்கம் உங்களுக்குத் தெரியும். நட்ட நடுவுல உச்சி தாண்டுனதும் எல்லாரும் ஆக்சிலேட்டர மூடிட்டு, சும்மா உருண்டு இறங்குவாங்க.

அன்னைக்குத் தெக்குக் காத்து. வண்டிய ஒரு பக்கமாத் தள்ளுது. பின்னாடி ஒரு லாரி ஒட்டிக்கிட்டே வருது. உச்சி தாண்டுச்சு. சத்தம் டக்குன்னு மெலிஞ்சுது. மூடிட்டாரு. காதுகிட்ட கத்துனேன், காத்து என் வார்த்தையக் கடல்ல கொண்டு போட்டுருச்சு. அடுத்து ஒரு கீச்சுச் சத்தம். பின் சக்கரம் இழுத்து நிக்கப் பாக்குது, வண்டி வாலாட்டுது, லாரிக்காரன் ஹாரன்லருந்து கையவே எடுக்கல. நான் அவரு தோள் மேல எக்கி, அவரு இடது கைய கிளட்ச்சோட சேத்து அமுக்கிட்டேன். சக்கரம் விட்டுச்சு. லாரி உரசுற மாதிரி தாண்டிப் போச்சு. இஞ்சின் செத்த வண்டியோட உருண்டே பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்னோம். சிலிண்டர் ஆறுற வரைக்கும் அரை மணி நேரம் தொடவே கூடாது. மணி பத்து. நான் திட்டுறதுக்கு வார்த்தை தேடிக்கிட்டு இருந்தேன், அவரு முந்திக்கிட்டாரு.

"பாய் விரிச்சு ஓடுறப்ப எவனாச்சும் மோட்டாரப் போடுவானா தம்பி?"

பென்சில்

பத்தரைக்கு இடது கால வச்சு மெதுவா ஒரு மிதி. பிஸ்டன் அசைஞ்சுது. நாலாவது மிதியில கெளம்பிருச்சு. மைதானத்துக்குள்ள நுழையுறப்ப மணி பதினொண்ணு தாண்டிருச்சு. இன்ஸ்பெக்டர் பேப்பரையெல்லாம் கட்டிக்கிட்டு இருந்தாரு. சூசண்ணே கால இழுத்துக்கிட்டு ஓடி, சார்னாரு. ஃபைபர் பூசுனது, சிராயால உரிச்சது, கடைசி எண்ணு மூணு மாதிரி தெரியுறது, எல்லாத்தையும் நான்தான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் வண்டிகிட்ட வந்து முதல்ல ஃபோன் டார்ச்ச சாச்சுப் பிடிச்சு, கடைசி எண்ணச் சுத்தி நகத்தால தடவுனாரு. புதுக் குத்து இருக்கான்னு பாக்குறாருன்னு புரிஞ்சுது. எனக்கு டப்பாவுல கெடக்குற பஞ்ச்சு ஞாபகம் வந்துச்சு.

அப்பறம் மெல்லிசுப் பேப்பர நம்பர் மேல வச்சு, பென்சிலப் படுக்க வச்சுத் தேச்சாரு. கறுப்புக்குள்ள வெள்ளையா ஒவ்வொரு எண்ணா வந்துச்சு. அஞ்சும் வந்துருச்சு. ஆறாவது மூணுதான் வந்துச்சு. சூசண்ணே கண்ண மூடிக்கிட்டாரு. இன்ஸ்பெக்டர் பென்சிலத் திருப்பி, இன்னும் லேசா, இடது பக்கமாத் தேச்சாரு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, தலைமுடி கனத்துல ரெண்டு வெள்ளை வளைவு. துரு மேல்தோலத்தான் தின்னிருக்கு. குத்துன தடம் அடியில இருந்திருக்கு. நாங்க அன்னைக்குக் குத்தியிருந்தா, அந்த ரெண்டு கோட்டையும் நாங்களே அழிச்சிருப்போம். புக்கோட வச்சுப் பாத்து, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, என்னையப் பாத்துச் சொன்னாரு.

"அழிஞ்ச நம்பர எப்படியும் படிச்சிருவேன்யா. பளபளன்னு இருக்குற நம்பரத்தான் என்னால படிக்க முடியாது."

இப்ப சூசண்ணே தினமும் பாலம் தாண்டிப் போறாரு, இறக்கத்துல ஆக்சிலேட்டரக் கொஞ்சம் திறந்தே வைக்கிறாரு. போன வாரம் சர்வீசுக்கு வந்தப்ப கழுத்துப் பக்கம் பாத்தேன். நம்பருக்கு உப்பு படக் கூடாதுன்னு, கோயில் மெழுகுதிரிய உருக்கி விரல் கனத்துக்கு ஊத்தி வச்சிருக்காரு. உப்புக்காத்துகிட்டருந்து வண்டியக் காப்பாத்த நூறு பெயிண்ட் இருக்கு. வண்டி மேல பாசம் வச்சவங்ககிட்டருந்து அதக் காப்பாத்த இன்னும் ஒண்ணும் கடைக்கு வரல.