டிபியாக இருக்கட்டும்

இரண்டாயிரத்து ஐந்து மழைக்காலம். மரக்காணத்தில் உப்பளமெல்லாம் தண்ணீரில் மூழ்கி வேலை நின்றிருந்தது. உப்பு வாரும் என் வீட்டுக்காரருக்கு இரண்டு மாதமாக மூச்சு முட்டல். படுத்தால் திணறும், சுவரில் சாய்ந்தபடிதான் தூங்குவார். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது என்றார். முதுகில் ஊசி குத்தி ஒரு சொம்பு அளவுக்கு எடுத்தார். அதில் கொஞ்சத்தைப் பாட்டிலில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

“இத பாண்டி லேபுல குடுங்கம்மா. டிபின்னா ஆறு மாசம் மாத்திரை, சரியாயிடும். புத்துநோயா இருந்தா கஷ்டம். எதுன்னு இதுலதான் தெரியும். இன்னிக்கே குடுத்துடணும்.”

அன்றைக்கென்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பாண்டி பஸ் ஒன்றுகூட ஓடவில்லை. கரண்டும் இல்லை, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜும் உதவாது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். எங்கள் வீட்டில் மீனோ மாங்காயோ, எது கெடாமல் இருக்க வேண்டுமென்றாலும் கை தானாக உப்புச்சட்டிக்குத்தான் போகும். ஒரு பிடி கல்லுப்பை அள்ளிப் போட்டு மூடினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன் வேறு.

மறுநாள் லேபில் இருந்த பெண் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் கரையாத உப்பு.

“என்னம்மா இது, கருவாடா போட்டு வச்சிருக்கீங்க? உப்பு பட்டா அதுல இருக்கிற செல்லெல்லாம் சுருங்கிப் போயிடும். இத வச்சி ஒண்ணும் பாக்க முடியாது. வேற எடுத்துட்டு வாங்க.”

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அவரோ விஷயத்தைக் கேட்டு இருமல் வரும்வரை சிரித்தார்.

“ஏன்டி, உப்பு வார்றவன் பொண்டாட்டின்னு அங்கயும் போயி காட்டிட்டு வந்துட்டியா?”

டாக்டர் சிரிக்கவில்லை. என்னைத் திட்டிவிட்டு, இப்போது ஊசிக்குக் கிடைக்கிற அளவு நீர் இல்லை, மறுபடி சேரட்டும் என்றார்.

சேர எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் அவர் காலை நீட்டி மல்லாந்து படுத்தார். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நானும் பக்கத்தில் படுத்து, அவர் மூச்சு தடையில்லாமல் போய் வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எதுவென்று தெரியவும் வேண்டும், நீர் சேரவும் கூடாது. இப்படி ஒரு கூறுகெட்ட ஆசை எனக்கு. டிபியாக இருக்கட்டும் என்று சாமியிடம் கேட்டேன். யாராவது இப்படி வேண்டுவார்களா? நான் வேண்டினேன். அவர் விரல்விட்டு மாதத்தை எண்ணினார்.

“கார்த்திகைல ஆரம்பிச்சா சித்திரையோட மாத்திரை முடிஞ்சிடும். வைகாசில உப்புப் பாத்தில எறங்கிடுவேன், பாரு.”

இரண்டாவது பாட்டிலை எடுத்த கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். டிபி இல்லை என்று வந்தது. பங்குனியிலேயே அவர் போய்விட்டார்.

எட்டு நாள் தாமதத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். எனக்கு அப்படி எதுவும் தெரியாமல் படுத்திருக்க இன்னும் ஓர் எட்டு நாள் கிடைத்திருக்கலாம் என்றுதான் தோன்றியது. அந்த ஏக்கம் இன்றுவரை தீரவில்லை.

சுகாதார நிலையத்தில் டிபி மாத்திரை வாங்க ஆட்கள் வருவார்கள். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு புருஷன் நிற்பான், கூடவே தலையைக் குனிந்துகொண்டு பொண்டாட்டி நிற்பாள். அவளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.