ருசி பார்த்தேன், குடிக்கவில்லை

பல் ஆடுகிறது என்று முதலில் எனக்குத் தோன்றவே இல்லை. கரண்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் டீ மேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து தூளாகிச் சலித்து வருவதுவரை என் பொறுப்பு. தினமும் காலையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, முந்தைய நாள் தூளை ஊறவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கிலும் மேலண்ணத்திலும் புரட்டி, தொட்டியில் துப்ப வேண்டும். அன்று ஏழாவது கோப்பையை உறிஞ்சியபோது மேல்வரிசை முன்பற்களில் ‘ளொடக்’ என்றது. வேறு கரண்டி எடுத்தேன். அதிலும் அதே சத்தம்.

வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று விரலால் அசைத்துப் பார்த்தேன். நான்கு பல்லும் ஒன்றாக, ஒரே கதவு மாதிரி முன்னும் பின்னும் போய்வந்தன.

முன்பல் போய், எலும்பில் திருகாணி வைக்கலாமா என்று மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்பிக்கை தரும் கட்டுரை வேண்டுமென்றால் தயவுசெய்து வேறு எங்காவது போய்ப் படியுங்கள். இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

அந்த நான்கு பற்களும் எனக்கு முளைத்தவை அல்ல. இருபத்தாறு வயதில் கொழுந்து ஏற்றிவந்த ஜீப் கவிழ்ந்து என் முன்பற்கள் போயின. சமவெளியில் ஒரு மருத்துவர் ஈறைக் கீறி, எலும்பில் ஏதோ உலோகத்தை இறக்கி, அதன்மேல் நான்கு பற்களைக் கட்டினார். இருபது வருஷத்துக்கும் மேலாக அது என் வாயில் இருந்தது. உள்ளே இருப்பது என்னவென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மலையிறங்கி, கீழே டவுனில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் இளம் பெண், மலையாளி, எங்களோடு பேசிப் பேசித் தமிழும் வரும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அடுத்த அறையிலிருந்த இரண்டு மருத்துவர்களைக் கூப்பிட்டார்.

“சேட்டா, இது பிளேடு. நான் இதைப் புஸ்தகத்துல மாத்ரமே கண்டிருக்கு” என்றார்.

படத்தில் பார்த்தால் துளை போட்ட மெல்லிய தகடு ஒன்று என் எலும்புக்குள் சீப்பு மாதிரி நின்றிருந்தது. அதைச் சுற்றிலும் கறுப்பாக ஒரு வரி. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார்த்திசு (எலும்புக்குப் பதிலாக வளரும் மெத்தென்ற சதை) வளர்ந்திருக்கிறது என்றார். அந்தக் காலத்தில் இதை நல்லது என்றே நினைத்தார்களாம். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு நார் உண்டல்லவா, அதுபோல இதுவும் தாங்கும் என்று நம்பினார்கள். மெத்தை வருஷா வருஷம் தடித்தது, எலும்பு கரைந்தது.

எனக்குக் கேள்வி கேட்டே பழக்கம். ஒரு தூள் ஏன் கெட்டது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. அவரும் சலிக்காமல் சொன்னார். மத்திய அமெரிக்காவில் தோண்டியெடுத்த பழங்காலத் தாடை ஒன்றில் சிப்பியைப் பல் மாதிரி செதுக்கிப் பதித்திருந்தார்களாம். அதைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்ததால், ஆள் உயிரோடு இருக்கும்போதே வைத்தது என்று கண்டுபிடித்தார்கள். பிறகு தங்கம், பிளாட்டினம் கம்பியில் கூடு, கோபால்ட் கலந்த உலோகத்தில் திருகாணி, ஈறுக்கு அடியில் எலும்பின்மேல் சேணம் மாதிரி உட்காரும் சட்டம், அப்புறம் என் வாயில் இருந்த பிளேடு. ஒவ்வொன்றும் சிலருக்கு நின்றது, பலருக்கு விழுந்தது.

மாற்றம் வந்தது முயலின் காலிலிருந்து. ஸ்வீடனில் ஒருவர் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, முயலின் எலும்பில் டைட்டானியத்தில் செய்த சிறு கருவியை வைத்தார். வேலை முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டிருந்தது. இதற்கு ஆஸியோஇன்டகிரேஷன் (நடுவில் நார் இல்லாமல் எலும்பும் உலோகமும் நேரடியாக ஒட்டுவது) என்று பெயர். முதலில் வழவழப்பான திருகாணிகள் செய்தார்கள். பிறகு மணலடித்து, அமிலத்தில் தோய்த்து, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள், எலும்பு சீக்கிரம் பிடிக்கட்டும் என்று. சிலவற்றுக்கு எலும்பின் தாதுவையே பூசினார்கள். இப்போது வெள்ளை நிறத்தில் சிர்கோனியாவிலும் (ஒருவகைக் கடினமான பீங்கான்) வருகிறது.

“உங்களுக்குச் சொரசொரப்பான டைட்டானியம் வைக்கலாம். பக்ஷே எலும்பு பிடிக்கிறவரை அது ஆடாம இருக்கணும். ஆடினா மறுபடி நாருதான் வரும்” என்றார் மருத்துவர்.

அந்த வாக்கியத்தை நான் நன்றாகவே புரிந்துகொண்டேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பிளேடை எடுத்தார்கள். பள்ளத்தில் எலும்புத் தூள் வைத்துத் தைத்தார்கள். எலும்பு தேறும்வரை ஏழெட்டு மாதம், அண்ணத்தை மூடும் பிளாஸ்டிக் தகட்டில் நான்கு பல் வைத்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு கோப்பை வரிசை முன் நின்றேன். இனிப்பு தெரிந்தது, கசப்பு தெரிந்தது. நல்ல தேநீர் மேலண்ணத்தைக் கவ்விப் பிடிக்குமே, அந்தப் பிடி வரவில்லை. மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு குளிப்பது மாதிரி இருந்தது. தகட்டைக் கழற்றினால் உதட்டுக்குத் தாங்கல் இல்லாமல் தேநீர் மோவாயில் ஒழுகியது. மேலாளர்தான் அந்த மாதங்களில் ருசி பார்த்தார். நான் எடை போடும் இடத்தில் நின்றேன். முப்பது வருஷமாக ஊறிய வேலையை இன்னொருவர் செய்வதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

எலும்பு தேறியதும் இரண்டு திருகாணிகள் வைத்தார்கள். தகடு வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் ரொம்ப யோசித்து, திருகாணியின்மேலேயே தற்காலிகப் பற்களைக் கட்டினார். “இது பார்க்க மாத்ரம். கடிக்கக் கூடாது. சூடு சாயா குடிக்கக் கூடாது, ஸ்ட்ரா வேண்டா, பீடி வேண்டா, கேட்டோ?” என்றார். என்ன ஜோலி என்று கேட்டார். டீ ஃபேக்டரி என்றேன். மெஷின் ஓட்டுபவன் என்று நினைத்திருப்பார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எஸ்டேட் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அந்த நாட்களிலும் நான் காலையில் நாற்பது கோப்பை ருசி பார்ப்பேன். விரதம் முறிந்துவிட்டது என்று ஒருவரும் சொன்னதில்லை, பூசாரி உட்பட. “முழுங்கினாத்தானே கணக்கு” என்பாள் என் மனைவி முத்துலட்சுமி. ருசி பார்ப்பது எங்களுக்குக் குடிப்பதில் சேராது. கண்ணால் பார்ப்பது எப்படியோ அப்படி அது. அம்மனே ஒப்புக்கொண்ட விஷயம்.

நான்காம் நாள் கோப்பை வரிசைக்குப் போனேன். மருத்துவர் சொன்னதை நான் மீறவில்லை என்று சத்தியமாக நம்பினேன். வீட்டில் கஞ்சியை ஆற வைத்துக் குடித்தேன். பீடியைத் தொடவில்லை. சூடாக ஒரு வாய் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் மழை விட்டுக் கொழுந்து குவிந்த அந்த மூன்று வாரமும், ஒவ்வொரு காலையும், தைத்த ஈறின்மேல் கொதிக்கக் கொதிக்கத் தேநீரை முழு மூச்சில் உறிஞ்சி அடித்தேன். அண்ணம் திறந்திருந்தது, பிடி திரும்பி வந்திருந்தது. ஐயோ, எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்!

பிறகு வீங்கியது. சீழ் வாடை வந்தது. ‘ளொடக்’ என்றது.

மருத்துவர் வாய்க்குள் சிறு கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “சாயா குடிச்சோ?” என்றார்.

“இல்ல டாக்டர். ஒரு வாய் குடிக்கல.”

முத்துலட்சுமி பக்கத்தில் நின்றிருந்தாள். எனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்: “அவுக சொன்ன சொல்லு தட்டமாட்டாக டாக்டர். ஃபேக்டரியில ருசி பாப்பாக. உறிஞ்சித் துப்பிருவாக. அம்புட்டுத்தான்.”

“எத்தனை?”

“காலையில ஒரு நாப்பது கோப்பை இருக்கும்.”

மருத்துவர் கண்ணாடியைத் தட்டில் வைத்தார். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. அவர் திட்டவில்லை. “நான் கேட்டிருக்கணும்” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அவர் என்ன செய்வார் பாவம். எந்தப் பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கும் இது?

நாற்பது தடவை உறிஞ்சினால் காயத்தை மூடிய ரத்தக் கட்டி நிற்குமா? எலும்பு பிடிக்கும் நேரத்தில் திருகாணி தினமும் நாற்பது தடவை அசைந்தால் என்ன வளரும் என்று எனக்குத்தான் தெரியுமே. சிப்பியிலிருந்து சொரசொரப்பான டைட்டானியம்வரை எத்தனையோ பேர் மண்டையை உடைத்துக்கொண்டு வந்து சேர்ந்த இடத்தை நான் மூன்று வாரத்தில் துப்பித் தள்ளினேன்.

திருகாணிகளை எடுத்தபோது, வைத்த எலும்பும் சேர்ந்து வந்தது. எனக்குச் சர்க்கரை உண்டு, புண் ஆறவில்லை. மூக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு துளை விழுந்தது. ஒரு தடவை தைத்தார்கள், பிரிந்துவிட்டது. இப்போது தகடு இல்லாமல் தண்ணீர் குடித்தால் மூக்கில் வரும். இடுப்பெலும்பை வெட்டி வைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள், சர்க்கரை அடங்கினால். அது அடங்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. முன்பு என் வாய் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்லும் பழக்கம் என் மனைவிக்கு இருந்தது. அவளும் இப்போது நிறுத்திவிட்டாள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாற்காலியில் சாயும் முன்னால் உங்கள் வாய் ஒரு நாளில் என்னென்ன செய்கிறது என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள். ஊதுவது, உறிஞ்சுவது, நூலைக் கடிப்பது, ஆணியைப் பல்லில் பிடிப்பது எல்லாவற்றையும். இதெல்லாம் ஒரு விஷயமா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். உங்கள் கோயிலும் வீடும் ஒப்புக்கொண்டதை எலும்பு ஒப்புக்கொள்ளாது.

தொழிற்சாலையில் தகட்டோடு கடைசியாக ருசி பார்த்த அன்று, புளித்துப்போன தூளை நல்லது என்று ஒரு பக்கம் வைத்தேன். மேலாளர் என் பின்னால் வந்து அதே கோப்பையை உறிஞ்சினார். அதை எடுத்து மறுபக்கம் வைத்தார். மறுநாள் முதல் நான் போகவில்லை.

முன்பெல்லாம் என் நாள் கோப்பை கோப்பையாக நகரும். இது திங்கட்கிழமைக் கொழுந்து, இது மழைக்குப் பின் பறித்தது என்று வாய்க்குள்ளேயே கிழமை தெரியும், பருவம் தெரியும். இப்போது எல்லா நாளும் வெந்நீர். காலையில் தகட்டை மாட்டும்போது யாருடைய வாயையோ எடுத்து மாட்டுவது போலிருக்கிறது. வயதாகிறது என்றும் தோன்றவில்லை. நாட்கள் கழிகின்றன, என்மேல் படவில்லை.

போன வாரம் முத்துலட்சுமி தேநீர் கொண்டுவந்தாள். முக்கால் டம்ளர் குடித்துவிட்டு, நல்லாருக்கு என்றேன். அவள் டம்ளரை வாங்காமல் நின்றாள்.

“தெனமும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்றீக. கேக்கவே பயமா இருக்குங்க. கல்யாணம் ஆன நாள்லருந்து என் டீயை ஒருநாள் நல்லாருக்குன்னு சொல்லிருக்கீகளா? ஏதாச்சும் ஒரு குத்தம் சொல்லுங்களேன்.” அவள் குரல் உடைந்துவிட்டது.

மிச்சமிருந்த ஒரு வாயையும் எடுத்தேன். வாயில் வைத்துப் புரட்டினேன். பிளாஸ்டிக்கின்மேல் சூடாக ஏதோ ஓடியது.

“துவர்ப்பு கொஞ்சம் கம்மி” என்றேன்.

“ஆமாங்க, இன்னைக்குத் தூளு கொஞ்சம் கொறச்சித்தான் போட்டேன்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரை வாங்கிப் போனாள்.

நிஜமாகவே குறைத்துப் போட்டாளா, எனக்காகச் சொன்னாளா? டம்ளரில் மிச்சம் இருந்து மறுபடி ருசி பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.