பூதக்கண்ணாடி மேடத்தின் விடுப்பு

பாடக் கோப்புகளின் முதுகில் நிறத்தாள் ஒட்டிக்கொண்டே இருப்பார் எங்கள் மேடம். முதல் வாரத்துக்கு மஞ்சள், இரண்டாம் வாரத்துக்குப் பச்சை, பரீட்சைத் தாளுக்குச் சிவப்பு. எதற்கு என்று யாராவது கேட்டால், "எனக்குச் சின்ன எழுத்து தெரியமாட்டேங்குது, அதான்" என்பார். ரசீதில் ஒன்றை ஏழாகத் திருத்தியிருந்தால் மூன்று மேசை தள்ளியிருந்தே கண்டுபிடிக்கிற கண் அது! கோப்புகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. மேலே அச்சடித்திருப்பது எனக்குப் படிக்க வராது. மாற்றிக் கொடுத்து மேலாளரிடம் இரண்டு தடவை திட்டு வாங்கினேன். அதற்கு அடுத்த வாரம்தான் இந்த நிறங்கள் வந்தன. என்னிடம் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குத் தெரிந்து அந்த அம்மா செய்த ஒரே மோசடி அதுதான்.

மற்றவர்கள் செய்யும் மோசடியைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அவர் தொழில். பல கம்பெனிகளிலிருந்து கணக்கர்கள் எங்கள் பயிற்சி நிலையத்துக்கு வந்து மூன்று வாரம் படித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அவர் காதிலும் அது விழுந்திருக்கிறது. விழாத மாதிரி இருப்பார்.

ஒரு ரசீதைக் கொடுத்தால் முதலில் படிக்க மாட்டார். முகர்ந்து பார்ப்பார். பிறகு திருப்பிப் போட்டு விரலால் தடவுவார். "மூணு மாசம் பாக்கெட்ல கிடந்த பில்லு இஸ்திரி போட்ட மாதிரியா இருக்கும்? இது நேத்துப் பொறந்த பில்லு!" என்பார். நான் தேநீர், பிஸ்கட் தட்டோடு உள்ளே போனாலும் விடமாட்டார்.

"இருபத்திரெண்டு பேருக்கு இருபத்திமூணு பிஸ்கட்டா? அந்த ஒண்ணு யாருக்கு அண்ணா?"

"உங்களுக்குத்தான் மேடம்."

"லஞ்சமா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் கடித்துவிடுவார்.

ஒவ்வொரு வகுப்பிலும் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. "லீவே போடாத ஆளை முதல்ல பாருங்க. திருடறவனுக்குத் தன் நாற்காலில வேற ஒருத்தர் உக்காந்துட்டாப் போச்சு, குட்டு வெளிப்பட்டுடும். அதனால காய்ச்சல்லயும் வந்து நிப்பான்."

சென்ற மாதம் பயிற்சிக்கென்று வெளியிலிருந்து வரவேண்டிய மாதிரிப் பதிவேடுகள் வந்து சேரவில்லை. யோசிக்காமல் எங்கள் அலுவலக வருகைப் பதிவேட்டையே எடுத்து வகுப்பில் கொடுத்துவிட்டார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பின் வரிசையிலிருந்து ஒருவர், "மேடம், உங்க கேஷியர் ஆறு வருஷமா ஒருநாள்கூட லீவு போடலையே!" என்று கூவினார். எல்லோரும் சிரித்தார்கள். கட்டணச் சீட்டுகளோடு கேஷியர் அப்போதுதான் வாசலில் வந்து நின்றார். சீட்டுகளைக் கொடுக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

மதியத்துக்குள் மேலாளர் காதுக்குப் போய்விட்டது. "ஆளை நிறுத்திடலாம்" என்றார் அவர். "சந்தேகத்துக்கெல்லாம் யாரையும் நிறுத்த முடியாது சார்" என்றார் மேடம். "பத்து நாள் லீவுல அனுப்புங்க. அவர் சீட்ல நான் உக்கார்றேன்."

படியில் இறங்கும்போது கேஷியர் என்னிடம், "ஒழுங்கா வேலைக்கு வந்ததுக்குத் திருடன்னு பேரு. வீட்ல என்னன்னு சொல்லுவேன்யா?" என்று கேட்டார். ஆண்டவனே, அந்த மனுஷன் மானத்தைக் காப்பாற்று என்று அன்றைக்கு மனமுருகி வேண்டிக்கொண்டேன்.

வகுப்பு முடிந்ததும் மேடம் அந்த நாற்காலியில் போய் உட்காருவார். ஆறு வருஷக் கணக்கையும் முகர்ந்தார், தடவினார். நான்காம் நாள் ஒரு தொகை இடித்தது. பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி முகம் மலர்ந்தது. மறுபடி கூட்டிப் பார்த்தார். "தப்பு என்னோடது அண்ணா, நான்தான் கூட்டல்ல கோட்டை விட்டிருக்கேன்" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பத்து நாளும் வேறு ஒன்றும் அகப்படவில்லை.

கேஷியர் திரும்பி வந்த அன்று அவரை வகுப்புக்குள் அழைத்தார். எழுந்து நின்று, "சார் கணக்குல ஒரு பைசா குறையல. யோசிக்காம அவர் பேரை இங்க அடிபட விட்டது நான். மன்னிச்சுக்கங்க சார்" என்றார். பிறகும் சும்மா இருக்க முடியவில்லை. "ஆனா, ஏன் சார் லீவே போடல?"

கேஷியர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "வீட்ல மச்சினன் புல்லாங்குழல் பழகறார் மேடம். ஆறு வருஷமா ஒரே பாட்டு. இந்தப் பத்து நாள் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்."

வகுப்பே அதிர்ந்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. பதிவேட்டை மறுபடி இழுத்து, பெயர்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். தன் பெயரில் விரல் நின்றது. பக்கம் பக்கமாகப் பின்னால் புரட்டினார். "என் பேர்லயும் லீவே இல்லையே, ஒன்பது வருஷமா!" என்றார்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், தோளில் பையோடு என் தேநீர் அறை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணா, நாளைலேர்ந்து பத்து நாள் நான் லீவு. என் மேசை, அலமாரி, வகுப்புச் செலவுக் கணக்கு எல்லாத்தையும் கேஷியர் சார் பார்க்கப் போறார். வெளிய போயிருக்கார், வந்ததும் சாவியைக் குடுத்துடுங்க."

"வெளியூர்ப் பயணமா மேடம்?"

"தெரியலையே. லீவு போட்டுப் பழக்கமிருந்தாத்தானே?"

சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்தார். நான் அப்படியே சட்டைப் பைக்குள் போடப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்து விரித்தார்.

"எத்தனை இருக்குன்னு எண்ணி வாங்கிக்கங்க அண்ணா. நான்தானேன்னு நம்பி வாங்காதீங்க."