வூட்டு வண்டியின் கண்ணாடி

வண்டிக் கண்ணாடியை உடைத்தது நான்தான். அதை ஒருநாளும் நான் மறுத்ததில்லை. ஆனால் ஏன் உடைத்தேன் என்று ஒருவர்கூடக் கேட்காமல், வில்லியனூரில் எங்கள் தெரு முழுக்க எனக்குக் 'கண்ணாடி ஒடச்ச அம்மா' என்று பெயர் வைத்தார்களே, அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி புதிதாகக் குடிவந்தவளிடம், "குளுரு தாங்காம வண்டிக் கண்ணாடிய ஒடச்சாங்களே, அவங்கதான் இவங்க" என்று என்னைக் காட்டியதை என் காதாலேயே கேட்டேன். குளிர் தாங்காதவள் யாராவது கண்ணாடியை உடைத்துக் குளிரை உள்ளே விடுவாளா? இதை யோசிக்கக்கூட அந்தத் தெருவில் ஆளில்லை.

என் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்து பென்ஷனோடு வந்தவர். எங்கள் பக்கத்தில் அப்படி வந்தவர்களைச் சொல்தா என்பார்கள். சொல்தா ஒன்று சொன்னால் தெருவில் மறுபேச்சு கிடையாது. வீட்டில் அதைவிட மோசம். சோறு குழைந்தால் "பிரான்ஸ்ல" என்று ஆரம்பிப்பார், கொசு கடித்தால் "பிரான்ஸ்ல" என்று ஆரம்பிப்பார். எழுபதுகளின் நடுவில் ஒருநாள், மூலக்குளத்துப் பட்டறை ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்த பழைய வேனை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஆறு மாதம் அதைக் கட்டிக்கொண்டு அழுதார். பின்பக்கத்தில் இரண்டு பலகைக் கட்டில், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், பேட்டரியில் எரியும் ஒரு சின்ன பல்பு, டிரைவர் சீட்டுக்கும் கட்டில்களுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. கரவான் என்று அதற்குப் பெயர் சொன்னார். தெரு அதை வூட்டு வண்டி என்றது.

"கரன்ட்டு வேணாம், லாட்ஜு வேணாம். எங்க நிறுத்துறமோ அதான்டி நம்ம வூடு" என்றார். அப்படி வண்டியிலேயே தங்குவதற்குக் காம்பிங் என்று பெயராம். மார்கழி பிறந்ததும் ஊட்டிக்குப் போவதாக முடிவு செய்துவிட்டார். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. குளிர்க்காற்று பட்டால் இழுப்பு வந்துவிடும். அதைச் சொன்னேன். "பிரான்ஸ்ல கொழந்தைங்களே இல்லியா?" என்று கேட்டார். சமையலுக்காக நான் எடுத்துவைத்த சின்ன அம்மியையும் குழவியையும் பார்த்து, "காம்பிங்குக்கு எவளாச்சும் அம்மியத் தூக்கிக்கினு வருவாளா?" என்று தெருவே கேட்கச் சிரித்தார். நான் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

மதகடிப்பட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது, காம்பிங் போகிறோம் என்று கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "குடும்பக் கட்டுப்பாடு கேம்ப்பா சார்? இங்கியே நடத்துறாங்களே, எதுக்கு அவ்ளோ தூரம்?" என்றார். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அங்கே மட்டும்தான்.

எங்களுக்குத் தெரிந்த குளிரெல்லாம் மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் உறைந்துபோகும் குளிர்தான். புட்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் சரியாகிவிடும். ஊட்டியில் அவர் வண்டியை நிறுத்திய இடம் ஊருக்கு வெளியே ஒரு தைல மரத் தோப்பின் ஓரம். விளக்கில்லை, கடையில்லை, கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஒரு வீடில்லை. வண்டியின் தகரம் தொட்டால் சுட்டது, அப்படி ஒரு குளிர். நாங்கள் விட்ட மூச்சு கூரையில் தண்ணீராகி முகத்தில் சொட்டியது. நான் புடவைமேல் புடவையாக நான்கு சுற்றிக்கொண்டேன். பாய்க்கு அடியில் பழைய பேப்பரைக் கனமாகப் பரப்பினேன். வெந்நீர் வைத்து அவருடைய பட்டாளத்துத் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி, துண்டில் சுற்றி மகளின் காலடியில் வைத்தேன். குழந்தை இழுப்பில்லாமல் தூங்கினாள். இதையெல்லாம் தெருவில் யாரும் இன்றுவரை சொல்வதில்லை.

காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெளுத்துக் கிடந்தது. குடத்துத் தண்ணீர்மேல் கண்ணாடிபோல ஒரு படலம். சொல்தாவின் மூக்கு சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது. இறங்கிப் போய்விடலாம் என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பஜாருக்குப் போய் ஒரு மூட்டை கரியும் ஒரு கரி அடுப்பும் வாங்கிவந்தார். பிறகு என்னை மைதா மாவில் பசை காய்ச்சச் சொன்னார். நானும் காய்ச்சினேன். அந்தப் பசையை என் கையால் கிண்டினேன் என்று நினைத்தால் இப்போதும் என்மேலேயே கோபம் வருகிறது.

பேப்பரைக் கிழித்துக் கிழித்து ஜன்னல் சந்து, கதவுச் சந்து, கூரையில் இருந்த காற்றுத் துவாரம் என்று ஒன்று விடாமல் ஒட்டினார். ஜன்னல் காற்றுக்கு ஆடுகிறது என்று திருகாணி போட்டு வேறு இறுக்கினார். சாயங்காலம் கரியை மூட்டி, கனிந்ததும் அடுப்பை உள்ளே கொண்டுவந்து வைத்துக் கதவைச் சாத்தினார். அப்போதுதான் எனக்கு மகள் பிறந்தது ஞாபகம் வந்தது. அடைமழையில் பிறந்தவள். அறையில் தணல் சட்டி வைத்த மருத்துவச்சி, என் நாத்தனார் கதவைச் சாத்தப் போனபோது அவளைத் திட்டித் தீர்த்துவிட்டாள். தணலும் மூச்சு வாங்கும், அதற்கு வழி விடு என்றாள்.

"ஏங்க, ஒரு ஜன்னலாவது தொறந்து வைங்க. தணலும் மூச்சு வாங்கும்னு மருத்துவச்சி சொல்லியிருக்காங்க" என்றேன்.

"இன்னாடி பேசற நீ? தணலுக்கு மூக்கு கீதா?"

"பாப்பா பொறந்தப்ப..."

"புள்ள பெத்த ரூமும் கரவானும் ஒண்ணா? காத்து உள்ள பூராம இருக்கத்தான் காலையிலேர்ந்து ஒட்டிக்கினு கீறேன், நீ ஜன்னல தொறன்றியே! பதினஞ்சு வருசம் பனியில இருந்தது நானா நீயா?"

வாயை மூடிக்கொண்டேன். அதுதான் என் தப்பு. அந்தப் பதினைந்து வருஷமும் அவர் இருந்த பாரக்கில், அதாவது பட்டாளத்துக் குடியிருப்பில், சுவரோரமாக வெந்நீர்க் குழாய் ஓடி அறையைச் சூடாக்கும் என்பதை, வேறொரு நாள் வேறேதோ பேச்சில் அவரே உளறினார். ஒரு கரி அடுப்பைக்கூட அவர் அங்கே மூட்டியதில்லை! அது மட்டும் அன்றைக்குத் தெரிந்திருந்தால் அடுப்பைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன்.

வண்டி கதகதவென்று ஆனது. உண்மையைச் சொல்ல வேண்டும், இரண்டு நாளில் முதல் தடவையாகச் சுகமாக இருந்தது. கதவு வழியாகக் காற்று வரக்கூடாது என்று அவர் கதவை அடைத்தாற்போலத் தரையில் படுக்கை விரித்துப் படுத்தார். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை வலித்தது. மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். குமட்டியது. மகளுக்குப் போர்வை விலகியிருந்ததைச் சரிசெய்யப் போனவள், அவள் கையைத் தூக்கினேன். கை தொப்பென்று விழுந்தது. "பாப்பா" என்றேன். கன்னத்தில் தட்டினேன். கண் திறக்கவில்லை. உதட்டோரம் எச்சில் வழிந்திருந்தது.

அவரைக் கூப்பிட்டேன். உலுக்கினேன். ஏதோ முனகினார், எழவில்லை. கதவைத் தள்ள வேண்டுமானால் அவரைத் தள்ள வேண்டும், அவரைத் தள்ள என் காலில் பலமில்லை. முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலை இழுத்தேன், திருகாணி போட்ட ஜன்னல் எப்படி வரும்? என் கை பட்டது குழவியில். எடுத்து அடித்தேன். முதல் அடியில் கீறல் விழுந்தது, இரண்டாவது அடியில் கண்ணாடி வெளியே கொட்டியது. மகளின் தலையை அந்த ஓட்டைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். என் முழங்கையில் ரத்தம் ஒழுகியதை நான் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் ஒருமுறை இருமினாள், பிறகு வாந்தி எடுத்தாள், பிறகு வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் சத்தம் போட்டு அழுதேன்.

குளிர் உள்ளே வந்து அவரையும் எழுப்பியது. எழுந்தவர் தள்ளாடிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார். அவர் முதலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா?

"அடிப்பாவி, இந்தக் கண்ணாடி இனிமே எங்கடி கெடைக்கும்?"

குழந்தையைக் கேட்கவில்லை. என் கையைக் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் வாசலில் நான்கு பேரை உட்காரவைத்து, பனியை எப்படிச் சமாளித்தார் என்று கதை சொன்னார். கதையின் கடைசியில் குளிர் தாங்காதவளாக நான் வருவேன், குழவியோடு. எல்லாரும் சிரிப்பார்கள். நான் ஒரு தடவை குறுக்கே புகுந்து நடந்ததைச் சொன்னேன். "கரிப் பொகையே இல்லியே, அப்பறம் எப்பிடிம்மா?" என்றார் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வந்திருந்த அவருடைய பெரியப்பா மகன். புகை தெரியாததுதான் ஆபத்தே என்று எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. உடைந்த ஜன்னலில் அவர் கண்ணாடி போடவில்லை. அட்டையை வைத்து அடைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சாட்சிபோலக் காட்டிக்கொண்டிருந்தார். பத்து வருஷத்துக்கு மேல் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு வாசல் பெருக்கினேன்.

மகள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மத்தியானம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் புத்தகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். கரி எரியும்போது காற்று போதாவிட்டால் வருகிற விஷ வாயுவைப் பற்றிப் படித்தாள். அதற்கு நிறமில்லை, மணமில்லை, மூடிய அறையில் ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். படித்து முடித்துவிட்டு, "அப்பா, அன்னிக்கி அம்மா ஒடைக்கலன்னா நான் இல்ல. நீங்களும் இல்ல" என்றாள்.

அவர் ரசத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தார். "பிரான்ஸ்ல கரி வேற" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப்போனார். திரும்பி வந்தபோது அட்டை இல்லை, புதுக் கண்ணாடி இருந்தது. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் போய்த் தள்ளிப் பார்த்தேன். ஒரு விரலுக்கே நகர்ந்து திறந்தது. திருகாணி இருந்த ஓட்டையை ஈயம் வைத்து அடைத்திருந்தார்.

மகள் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். "அப்பா மாத்திட்டாரும்மா. போதாதா?" என்று கேட்டாள்.

என்னைப் பற்றி நூறு பேரிடம் வாயால் சொன்னவர், ஒருவரிடமாவது வாயால் மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும். "போதாது" என்றேன். அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகிறது. இன்னும் போதவில்லை.